வீட்டிலேயே என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது

காருக்கு வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் ஆயில் மாற்றுவது எளிது என்பார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் இந்த வேலையைப் பாதியில் நிறுத்த முடியாது. டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயில் இறங்கிய பிறகு வாஷர் இல்லையென்று தெரிந்தால், அந்தக் காரையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வழியில்லை. பழைய ஃபில்டர் அசையவே மாட்டேன் என்றாலும் அதே நிலைமைதான். அதனால் ஒவ்வொரு அடிக்கு முன்பும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைச் செய்துவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறதா? இந்த அத்தியாயத்தில் வேலைகள் சொல்லப்பட்டிருக்கும் வரிசை அந்தக் கேள்வியை வைத்து அமைந்தது. தொடங்குவதற்கு முன் கடைசி வரை ஒருமுறை படித்துவிடுங்கள், பிறகு வரிசையை மாற்றாதீர்கள்.

உதாரணத்துக்கு மாருதி ஸ்விஃப்ட் போன்ற 1.2 லிட்டர் பெட்ரோல் காரை எடுத்துக்கொள்கிறேன். மற்ற கார்களில் அளவுகளும் இடங்களும் மாறும், முறை மாறாது. வாரண்டி முடியாத கார் என்றால் கம்பெனி சர்வீஸுக்கே விடுங்கள். வெளியில் ஆயில் மாற்றியதைக் காரணம் காட்டி, பிறகு வரும் என்ஜின் கோளாறுக்குப் பொறுப்பேற்க மறுக்க வாய்ப்பிருக்கிறது. வாரண்டி முடிந்த காருக்குத்தான் இந்த அத்தியாயம்.

மாருதி, ஹூண்டாய் பெட்ரோல் கார்களுக்குப் பொதுவான கணக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடும் கார் வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்கூடத் தொடாமல் இருக்கலாம். அதற்கும் வருடம் ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டரிலேயே நின்றுவிடும் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. எரிந்த பெட்ரோலிலிருந்து உண்டாகும் ஈரமும், எரியாமல் தங்கிய பெட்ரோலும் ஆயிலோடு கலந்து அங்கேயே தங்கிவிடும். அதிகம் ஓடாத காரின் ஆயில் அதிகம் கெடாது என்று நினைத்துத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள்.

எந்த ஆயில்

இதில்தான் கடைக்காரர், மெக்கானிக், மாமா, நண்பர் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். காரோடு வந்த கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் வாங்குங்கள். புதிய கார்களுக்கு 0டபிள்யூ-20 போன்றவை என்றும், சற்றுப் பழைய கார்களுக்கு 5டபிள்யூ-30 என்றும் இருக்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்து கிடக்கும் என்ஜினில் ஆயில் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய வேகம் கூடும். பின்னால் உள்ள எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மை.

"நம்ம ஊரு வெயிலுக்கு இவ்வளவு தண்ணியா இருக்கிற ஆயில் தாங்குமா, 20டபிள்யூ-40 போடுங்க சார்" என்ற பேச்சை எந்தக் கடையிலும் கேட்கலாம். அது பழைய என்ஜின்களின் காலத்துக்குச் சரியாக இருந்த யோசனை. ஊட்டிக் குளிரிலும் சரி, வேலூர் அக்னி நட்சத்திரத்திலும் சரி, ஓடும் என்ஜினின் கூலன்டைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே சூட்டில் வைத்திருக்கிறது. வெளி வெயில் உள்ளே செய்யும் மாற்றம் நாம் நினைப்பதைவிடச் சிறிது. இன்றைய என்ஜின்களில் பேரிங் இடைவெளிகள் குறுகலானவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் நொடிகளில் அது மேலே ஏறத் தாமதமாகும். அந்த நொடிகளில் என்ஜின் அதிகம் தேயும்.

டப்பாவில் இன்னொரு குறியீடும் உண்டு. பெட்ரோல் கார் ஆயிலுக்கு ஏபிஐ எஸ்என், எஸ்பி போன்றவை. எஸ்பி 2020இல் வந்தது. பழைய தரம் கேட்கும் காருக்குப் புதிய தரத்து ஆயிலை ஊற்றலாம், புதிய தரம் கேட்கும் காருக்குப் பழையதை ஊற்றக் கூடாது. டீசல் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வைத்திருப்பவர்கள், மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். அவற்றின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் அதற்கு ஆகும். தப்பான ஆயிலால் அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டால், மாற்ற ஆகும் செலவு பல வருட ஆயில் செலவைத் தாண்டும்.

போலி ஆயிலும் போலி ஃபில்டரும் சந்தையில் உண்டு. கம்பெனியின் உதிரிபாகக் கடையிலோ பில் தரும் நம்பகமான கடையிலோ வாங்குங்கள். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

ஆயிலோடு ஃபில்டரும் டிரெயின் போல்ட்டுக்கான புது வாஷரும் வாங்கிவிடுங்கள். வாஷர் அற்ப விலைதான். பழையதையே திருப்பிப் போட்டுச் சொட்டவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. போல்ட்டின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர், ஃபில்டர் கழற்றும் ரெஞ்ச், நைட்ரைல் கையுறை, கண்ணாடி, புனல், ஐந்து லிட்டருக்கு மேல் பிடிக்கும் அகலமான தட்டு, கொஞ்சம் பனியன் வேஸ்ட், மரத்தூள் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள். குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் பலரும் தவிர்க்கும் கருவி. வாங்க முடியாவிட்டால் இரவலாவது வாங்குங்கள் என்று வற்புறுத்துவேன். காரணம் போல்ட் முடுக்கும் இடத்தில் புரியும்.

காருக்கு அடியில் போவதற்கு முன்

ஆயில் மாற்றும்போது ஒருவர் உயிரை இழப்பதென்றால் அது இந்த இடத்தில்தான். ஸ்விஃப்ட் சின்னக் கார்தான், எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. அது நெஞ்சின் மேல் இறங்கினால் மூச்சு விட முடியாது, கூப்பிடவும் முடியாது.

டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அதை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. ஹைட்ராலிக் டிராலி ஜாக்கியும் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. உள்ளே ஒரு சீல் கசிந்தால் அது சொல்லாமல் இறங்கிவிடும். தாங்க வேண்டியது ஜாக்கி ஸ்டாண்ட். தலா இரண்டு டன்னாவது தாங்கும் ஜோடியாக வாங்குங்கள். வீடு கட்டி மிஞ்சிய செங்கல், ஹாலோ பிளாக் இவற்றை ஸ்டாண்டுக்குப் பதிலாக வைப்பது நம் ஊர்களில் சாதாரணமாகக் காணும் காட்சி. சுமை ஒரே புள்ளியில் விழும்போது ஹாலோ பிளாக் விரிசல் காட்டி எச்சரிப்பதில்லை, ஒரே அடியாக நொறுங்கும்.

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வாசல் சாய்தளத்தில் செய்யக் கூடாது. மண் தரையில் ஸ்டாண்டின் கால்கள் புதையும், பேவர் பிளாக் பதித்த இடத்தில் ஒரு கல் மட்டும் அமுங்கும். வேறு இடமே இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் தடித்த, அகலமான மரப்பலகை போடுங்கள். மழை ஊறிய மண்ணில் பலகையும் உதவாது, அன்று வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

காரை நிறுத்தி, முதல் கியரில் போட்டு (ஆட்டோமேட்டிக் என்றால் பி), ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுங்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால் சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்துவிடுங்கள். கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தைத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, கார் அவற்றின் மேல் முழுதாக உட்காரும் வரை ஜாக்கியை இறக்குங்கள். பிறகு காரின் பக்கவாட்டில் நின்று இரண்டு கையாலும் பலமாக அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ ஸ்டாண்டு சாய்ந்தாலோ இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். கார் விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். டிராலி ஜாக்கியையும் எடுத்துவிடாமல், லேசாகத் தொட்டபடி துணைக்கு விட்டு வையுங்கள். வேலை முடியும் வரை வீட்டில் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது.

இவ்வளவும் முடியாது என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஆயிலை உறிஞ்சி எடுக்கும் கை பம்பு கிடைக்கிறது. ஃபில்டர் மேலிருந்து எட்டும் காராக இருந்தால் அடியில் போகவே வேண்டாம். என்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சேம்பரின் அடியில் கொஞ்சம் பழைய ஆயில் தங்கும்தான். சரியான ஸ்டாண்டு இல்லாமல் காருக்கு அடியில் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆயில் இறக்குவது

காரைத் தூக்குவதற்கு முன்பே என்ஜினை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டு அணைத்திருக்க வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். கதவு மூடிய ஷெட்டில் ஓடவிட்டால் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். வெதுவெதுப்பான ஆயில் நன்றாக இறங்கும், அடியில் தங்கிய அழுக்கையும் கூட்டிக்கொண்டு வரும். நெடுஞ்சாலையில் ஓடி வந்த காரென்றால் ஆயில் 90 டிகிரியைத் தாண்டி இருக்கும், கையில் பட்டால் தோல் உரியும். அப்படியானால் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சைலன்சர் குழாய் ஆயிலைவிடச் சூடாக இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி, அதன் மேலேயே வையுங்கள். காற்று உள்ளே போக வழி இருந்தால் ஆயில் சீராக இறங்கும். அடுத்து ஃபில்டர். டிரெயின் போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே அது அசைகிறதா என்று ரெஞ்ச் போட்டு ஒரு சின்னத் தளர்வு மட்டும் கொடுத்துப் பாருங்கள், கழற்றிவிடாதீர்கள். போனமுறை யாரோ முரட்டுத்தனமாக இறுக்கியிருந்து, இப்போது அசையவில்லையென்றால் கவலையில்லை. ஆயில் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. காரை இறக்கி மெக்கானிக் கடைக்கு ஓட்டிப்போகலாம்.

இப்போது டிரெயின் போல்ட். சேம்பரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். சில கார்களில் அடியில் பிளாஸ்டிக் கவரைக் கழற்ற வேண்டும். கியர்பாக்ஸுக்கும் தனியாக ஒரு டிரெயின் போல்ட் உண்டு என்பதை மறக்காதீர்கள். சிவிடி கார்களில் இரண்டையும் மாற்றிக் கழற்றி, கியர் ஆயில் முழுதும் இறங்கிய பிறகு என்ஜினில் புது ஆயிலை ஊற்றிவிடுபவர்கள் உண்டு. அப்படி ஓட்டினால் கியர்பாக்ஸ் போய்விடும், அளவு மீறிய ஆயிலால் என்ஜினுக்கும் கேடு. கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். கழற்றியதும் கருப்பாகவோ பழுப்பாகவோ வராமல் சிவப்பாகவோ தெளிந்த நிறத்திலோ வந்தால் உடனே போல்ட்டைத் திருப்பி மாட்டுங்கள்.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, முகம் நேர்கீழே இல்லாதபடி படுத்து, ஸ்பேனரால் தளர்த்துங்கள். பிறகு கையால் மேல்நோக்கி லேசாக அழுத்தியபடியே திருகினால் கடைசி மரை விடும் வரை ஆயில் பீறிடாது. விட்ட கணத்தில் கையைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆயில் ஒரு சாண் தூரம் தள்ளி விழும், பிறகு நேர்கீழாக வரும். தட்டை அதற்கேற்ப நகர்த்துங்கள்.

ஆயில் சொட்டுச் சொட்டாகக் குறைய பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் வெளியே வந்து, இறங்கிய ஆயிலைப் பாருங்கள். கருப்பு நிறம் பயப்பட வேண்டியது இல்லை. டீசல் காரில் புது ஆயில்கூடச் சில நாளில் கருத்துவிடும். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, புது ஆயில் ஊற்றி ஓட்டுவதால் அது தீராது. உலோகத் துகள் மின்னினாலும் மெக்கானிக்கிடம் காட்டியாக வேண்டும்.

போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, முதலில் கையாலேயே முழுதாக ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடிக்கிறது, கழற்றித் திரும்ப ஏற்ற வேண்டும். ஸ்பேனர் போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றக் கூடாது. கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில். சுசூகியின் பல சிறிய என்ஜின்களுக்கு 35 நியூட்டன் மீட்டர்தான் அளவு. வலுவான ஆள் நீளமான கைப்பிடியால் இழுத்தால் அதைப்போல் இரண்டு மடங்கு எளிதாகப் போய்விடும். சேம்பர் அலுமினியமாக இருந்தால் மரை அங்கேயே உரிந்துவிடும். பிறகு புது மரை வெட்ட வேண்டும், அல்லது சேம்பரையே மாற்ற வேண்டும். ஆயில் மாற்றுவதில் நடக்கும் சேதங்களில் மிக அதிகம் இதுதான், அதுவும் நல்ல எண்ணத்தில் நன்றாக இறுக்குபவர்களால் நடப்பது.

ஃபில்டர்

தட்டை ஃபில்டருக்கு அடியில் நகர்த்திவிட்டுக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் ஆயில் கையில் வழியும். கழற்றியதும் அதன் விளிம்பைப் பாருங்கள், ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் அது என்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் ஆகிவிடும். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறி ஒன்று பிதுங்கி, ஊற்றிய ஆயில் முழுதும் நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். விரலால் சுற்றித் தடவிப் பார்த்து, பனியன் துணியால் துடைத்து வையுங்கள்.

புது ஃபில்டரின் ரப்பரில் விரலால் புது ஆயில் தடவுங்கள். கையால் திருகி, ரப்பர் தொட்டதும் மேலும் முக்கால் சுற்று. சரியான சுற்று ஃபில்டரின் மேலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும், அதுவே கணக்கு. ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும். சில டீசல் என்ஜின்களிலும் ஐரோப்பிய கார்களிலும் டப்பா ஃபில்டர் இருக்காது, பிளாஸ்டிக் கூட்டுக்குள் காகித ஃபில்டர் மட்டும் இருக்கும். அதில் ஓ-ரிங்கைக் கட்டாயம் மாற்ற வேண்டும். மூடியில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டி இறுக்கினால் பிளாஸ்டிக் கீறும்.

புது ஆயில்

ஸ்விஃப்ட்டுக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்று லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். கையேட்டு அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, மூடியைப் போட்டு, காருக்கு அடியில் கருவி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, முதல் கியரிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி (ஆட்டோமேட்டிக் என்றால் பியிலேயே) ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டாம். சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். அரை நிமிடம் ஓடவிட்டு அணைத்து, படுக்காமல் குனிந்து டார்ச் அடித்து ஃபில்டரையும் போல்ட்டையும் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் காரைத் தூக்கி ஸ்டாண்டுகளை எடுத்துத் தரைக்கு இறக்குங்கள்.

அளவு பார்ப்பது தரையில் சமமாக நிற்கும்போதுதான். ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பாருங்கள். மேல் குறிக்குச் சற்றுக் கீழே வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். "கூடக் கொஞ்சம் இருந்தா நல்லதுதானே" என்று மேல் குறியைத் தாண்டாதீர்கள். சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் தாங்காது. கிலோமீட்டரையும் தேதியையும் ஆயிலின் தரத்தையும் ஒரு நோட்டில் குறித்து, பில்லை அதோடு வையுங்கள், கார் விற்கும்போது உதவும். அன்றிரவு அடியில் அட்டை விரித்து வைத்து, மறுநாள் காலையில் சொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ்டிக்கையும் ஒருமுறை பாருங்கள்.

பழைய ஆயில்

வேலை இன்னும் முடியவில்லை. தட்டில் இருக்கும் மூன்று லிட்டர் கருப்பு ஆயில், 2016ஆம் ஆண்டின் இந்திய விதிகளின்படி அபாயகரக் கழிவு. எரிபொருள் எரிந்த மிச்சமும் உலோகத் துகளும் அதில் கரைந்திருக்கின்றன. திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் தோல் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது. கையுறை போடச் சொன்னதும் அதனால்தான், ஆயில் துணியைப் பேண்ட் பாக்கெட்டில் செருகும் மெக்கானிக் பழக்கம் உங்களுக்கு வேண்டாம் என்பதும் அதனால்தான்.

கரையான் வராது என்று கதவு நிலைக்கும் வேலிக் கம்பத்துக்கும் பூசுவது, சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவது, அடுப்பில் எரிப்பது என்று இதற்கு நம்மிடம் நிறைய வழக்கங்கள் உண்டு. இவற்றில் எதையும் என்னால் பரிந்துரைக்க முடியாது. பூசியது மழையில் கரைந்து மண்ணுக்குப் போகிறது, எரித்தது புகையாக மூச்சுக்குள் வருகிறது. சாக்கடையில் ஊற்றுவதோ எல்லாவற்றிலும் மோசம். மழைநீர்க் கால்வாய் போய்ச் சேருவது ஏரியில். ஒரே ஒருமுறை மாற்றிய ஆயில் பத்து லட்சம் காலன், அதாவது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கிணற்று நீரையும் போர் நீரையும் குடிக்கும் ஊரில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

ஆயிலைப் புனல் வைத்துப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, மூடி, "பழைய ஆயில்" என்று பெரிதாக எழுதுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது, குழந்தை எடுத்துக் குடித்துவிடும். பெட்ரோல், தின்னர், கூலன்ட் எதையும் அதில் சேர்க்காதீர்கள், கலந்த ஆயிலைச் சுத்திகரிப்பது கடினம். பெரிய சர்வீஸ் சென்டர்கள் பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கின்றன. உங்கள் கேனையும் வாங்கிக்கொள்வார்களா என்று வேலை தொடங்குவதற்கு முன்பே போய்க் கேட்டு வையுங்கள். மறுப்பவர்களும் உண்டு, இரண்டு மூன்று இடம் கேட்க வேண்டியிருக்கலாம். அப்படி ஒரு இடம் கிடைக்கும் வரை ஆயில் மாற்றும் வேலையைத் தொடங்காதீர்கள்.

பழைய ஃபில்டரை ஒரு நாள் முழுதும் கவிழ்த்து வடியவிட்டு, கவரில் கட்டி அதே இடத்தில் கொடுங்கள். தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளைக் கொட்டித் தேய்த்து அள்ளுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். மிச்சமுள்ள காலி டப்பாக்களையும் ஃபில்டர் பெட்டியையும் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் கத்தியால் கிழித்துவிடுங்கள். முழுதாகப் போகும் டப்பாக்களில்தான் போலி ஆயில் நிரம்பித் திரும்பி வருகிறது.